ஒரு படைவீரனின் ஞாபகமும் வரலாறும்

யுத்தங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இருவகைச் சான்றுகளையே நம்பி எழுதுகின்றனர். ஒன்று, அரசாங்கங்களும் படைத் தலைமையகங்களும் விட்டுச்சென்ற ஆவணங்கள். மற்றையது, தளபதிகளும் அமைச்சர்களும் ஓய்வுபெற்ற பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகள். இவ்விரண்டிலும் ஐயத்திற்கு இடம் மிகக் குறைவு. எந்த நாளில் எந்தப் படை எந்த ஆற்றைக் கடந்தது என்பது அங்கே திட்டவட்டமாகக் கூறப்படும். ஆயின் அந்த ஆற்றைத் தன் கால்களால் கடந்தவனிடம் கேட்டால் அவன் என்ன சொல்வான்? அவன் சொல்வது தெளிவற்றதாய், துண்டுதுண்டாய், கனவோ நனவோ என்று அவனுக்கே தெரியாததாய் இருக்குமாயின் அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்ளலாகாதா?

இக்கேள்வியை வெறும் தத்துவ விசாரமாக விட்டுவிடாது, ஒரு மனிதரின் வாழ்க்கையை முன்வைத்து ஆராய்வதே பயனுடையது என எண்ணுகிறோம். அம்மனிதரின் பெயர் லெவ் ஸஸெட்ஸ்கி. சோவியத் செஞ்சேனையில் உப லெப்டினன்டாக இருந்தவர். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்து, தாயின் உழைப்பால் வளர்ந்து, பொறியியல் பயில உயர்கல்லூரிக்குச் சென்றவர். 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தபோது அவருடைய படிப்பு நின்றது. அந்தத் தலைமுறையில் இலட்சக்கணக்கானோரின் கதை அதுவே. அந்த யுத்தத்தில் சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் பேர் மாண்டனர். ஸஸெட்ஸ்கி மாளவில்லை. 1943ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், மேற்குப் போர்முனையில், வியாஸ்மா நகரை நோக்கிய தாக்குதலின்போது ஒரு துப்பாக்கிச் சன்னம் அவருடைய தலைக்கவசத்தையும் மண்டையோட்டையும் துளைத்து மூளையின் இடதுபுறப் பின்பகுதியிற் புகுந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று.

இந்த நாளைப் பற்றி ஆவணங்கள் கூறுவது யாது? மொஸ்கோவுக்கு மேற்கே ர்ஷெவ், வியாஸ்மா ஆகிய நகரங்களைச் சூழ ஜேர்மன் படைகள் ஓராண்டுக்கு மேலாக நிலைகொண்டிருந்தன. அங்கு நிகழ்ந்த சோவியத் தாக்குதல்கள் பல பெருஞ் சேதத்துடன் முடிந்தன. ஸ்டாலின்கிராட்டில் தோல்வியுற்ற பின்னர், அந்த முனையிலிருந்து பின்வாங்குவதென ஜேர்மன் தலைமை தீர்மானித்தது. பின்வாங்கல் 1943 மார்ச் 1ஆம் நாள் தொடங்கியது. ர்ஷெவ் மார்ச் 3ஆம் நாளும், வியாஸ்மா மார்ச் 12ஆம் நாளும் மீட்கப்பட்டன. அதாவது, ஸஸெட்ஸ்கி சுடப்பட்ட வேளையில் எதிரி ஏற்கெனவே விலகத் தொடங்கியிருந்தான். உறைந்த ஆற்றின் கரையிற் படுத்துக் கட்டளைக்குக் காத்திருந்த இளைஞனுக்கு இது எவ்வாறு தெரியும்? வரைபடத்தின் முன் நிற்பவனுக்குத் தெரிவது வேறு. பனியிற் கிடப்பவனுக்குத் தெரிவது வேறு.

அவருக்கு எஞ்சியிருந்த ஞாபகம் மிகச் சிறியது. வோர்யா என்ற சிற்றாறு. அதன் மேற்குக் கரையில் ஜேர்மானியர். தாக்குதலுக்கான கட்டளை. பனிக்கட்டியின் மீது ஓட்டம். இயந்திரத் துப்பாக்கிகளின் சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. அடுத்து வருவது வெளிச்சம், குரல்கள், தம்மை அசையாது பிடித்துக்கொண்டிருக்கும் கைகள், தாங்கவொண்ணா வேதனை. இவற்றுக்கிடையே எவ்வளவு காலம் கழிந்தது, எது முன்னர் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது, எது உண்மை, எது காய்ச்சலின் மயக்கம் என்பதை அவராற் கூற முடியவில்லை. இந்தச் சில நிமிடங்களை மீட்டெடுக்கவே அவர் இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். ஏறத்தாழ மூவாயிரம் பக்கங்கள் எழுதினார்.

இதனை நாம் அறிவதற்குக் காரணமானவர் அலெக்ஸாந்தர் லூரியா என்னும் சோவியத் உளவியலறிஞர். 1902ஆம் ஆண்டு கஸான் நகரிற் பிறந்த லூரியா, உளவியலிற் பெயர்பெற்ற பின்னரே வைத்தியம் பயின்றவர். யுத்தம் மூண்டதும், யூரல் மலைப் பிரதேசத்தில் கிஸெகாச் என்னுமிடத்திலிருந்த 400 கட்டில்கள் கொண்ட ஆரோக்கிய நிலையமொன்றை மூளைக்காயமுற்ற வீரர்களுக்கான வைத்தியசாலையாக மாற்றும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே காலத்தில் அவருடைய தோழர்களான லியொன்ரியெவ், ஸபறோஷெட்ஸ் ஆகியோர் கைகளிற் காயமுற்ற தொழிலாளரும் விவசாயிகளும் மீண்டும் கருவிகளைப் பிடிப்பதற்கான பயிற்சி முறைகளை வகுத்துக்கொண்டிருந்தனர். உளவியல் என்பது வகுப்பறைகளிற் பேசப்படும் பொருளாக மட்டும் இருந்த நிலை அங்கே மாறியது.

1943ஆம் ஆண்டு மே மாத இறுதியில் லூரியா ஸஸெட்ஸ்கியை முதன்முதலாகச் சந்தித்தார். எதிரே அமர்ந்திருந்தவர் பார்வைக்குச் சிறுவன் போலத் தோன்றினார். கேட்ட கேள்விக்கு விடைகாண மிகுந்த பிரயாசைப்பட்டார். தமது ஊரின் பெயரையும், தாய், சகோதரிகளின் பெயர்களையும் எளிதில் நினைவுக்குக் கொண்டுவர அவரால் இயலவில்லை. மாதங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுமாறு கேட்டால் தடையின்றிச் சொன்னார். செப்டெம்பருக்கு முன்னுள்ள மாதம் எது என்று கேட்டால் திகைத்து நின்றார். கண்களிரண்டும் நலமாயிருந்தும், பார்ப்பவற்றின் வலப்பாதி அவருக்கு இல்லாதொழிந்தது. தம் உடலின் வலப்பக்கம் சில வேளை மறைந்துவிட்டதாகவும், சில வேளை தலை மிகப் பெரிதாகிவிட்டதாகவும் உணர்ந்தார். வைத்தியசாலையின் நடைபாதையில் வழி தவறினார். எல்லாவற்றிலும் கொடியதொன்று உண்டு. கல்லூரி மாணாக்கரான அவர் அச்சடித்த ஒரு பக்கத்தைப் பார்த்தபோது, அந்த எழுத்துக்கள் தாம் என்றுமே அறியாத அந்நிய மொழியொன்றின் எழுத்துக்களாகத் தோன்றின.

வலப்பாதி மறைந்தது ஏன் என்பதை வைத்தியர்கள் அன்று எளிதாக விளக்கக்கூடியவராயிருந்தனர். ஆயின் அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப்பார்க்குமிடத்து மனம் கசப்படைகிறது. 1904-1905ஆம் ஆண்டுகளில் ருஷ்யச் சக்கரவர்த்தியும் யப்பானியப் பேரரசும் மஞ்சூரியாவுக்காகப் போரிட்டபோது, ருஷ்யப் படையினர் 1891ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருந்த புதிய துப்பாக்கியைப் பயன்படுத்தினர். அதன் சன்னம் சிறியது, வேகம் மிக்கது. பழைய ஈயக்குண்டுகள் தலையைச் சிதைத்தன. இதுவோ ஒருபுறம் புகுந்து மறுபுறம் நேர்கோடாக வெளியேறியது. ஆதலால் காயமுற்றோருட் பலர் பிழைத்தனர். அவர்கள் எவ்வளவு பார்வையை இழந்தனர், அதற்கேற்ப எவ்வளவு ஓய்வூதியம் வழங்கலாம் என்று கணக்கிடும் வேலை தட்சுஜி இனொயே என்னும் இளம் கண் வைத்தியருக்குக் கொடுக்கப்பட்டது. சன்னம் புகுந்த துவாரத்தையும் வெளியேறிய துவாரத்தையும் அளந்து, பார்வையின் எந்தப் பகுதி மூளையின் எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பதை அவர் கணித்து 1909ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சின் பதுங்குகுழிகளிலிருந்து வந்த தலைக்காயங்களை வைத்து கோர்டன் ஹோம்ஸ், வில்லியம் லிஸ்டர் என்ற பிரித்தானிய வைத்தியர்கள் 1916ஆம் ஆண்டு அந்த வரைபடத்தை மேலும் துல்லியமாக்கினர். மனித மூளையின் வரைபடத்தை வரைந்த கைகள் விஞ்ஞானிகளுடையவை. அவை வரைவதற்கான மூளைகளை வழங்கியவை ஏகாதிபத்தியங்களின் படைகள்.

இன்னொருவரையும் இங்கு குறிப்பிடாமற் செல்ல முடியாது. கூர்ட் கோல்ட்ஸ்ரைன் என்னும் ஜேர்மன் வைத்தியர் முதலாம் யுத்த காலத்தில் பிராங்பர்ட் நகரில் மூளைக்காயமுற்ற வீரர்களுக்கென ஒரு நிலையத்தை நடத்தினார். காயமுற்ற பகுதியை மட்டும் பார்த்தல் போதாது, அம்மனிதன் முழுவதும் எவ்வாறு தன்னைப் புதிய நிலைமைக்கேற்ப ஒழுங்கமைத்துக்கொள்கிறான் என்பதையே பார்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தாய்நாட்டின் வீரர்களைக் குணப்படுத்திய அவரை, யூதர் என்பதற்காகவும் சோஷலிஸக் கருத்துடையவர் என்பதற்காகவும் 1933ஆம் ஆண்டு நாஸிகள் சிறையிலிட்டு, பின் நாட்டைவிட்டு விரட்டினர். ஸஸெட்ஸ்கியின் தலையைத் துளைத்த சன்னம் அந்த அரசின் சன்னமே.

பார்வையிழப்பை இவ்வரைபடங்கள் விளக்கின. ஆனால் ஸஸெட்ஸ்கியின் துன்பம் பார்வையோடு முடியவில்லை. தனித்தனிச் சொற்களின் பொருள் சற்றுத் தாமதித்தாவது அவருக்கு விளங்கியது. சொற்களுக்கிடையேயுள்ள உறவு விளங்கவில்லை. 'தந்தையின் சகோதரன்', 'சகோதரனின் தந்தை' என்ற இரண்டுக்கும் வேற்றுமை யாது? தந்தை தெரியும், சகோதரன் தெரியும். இரண்டும் சேர்ந்தபோது எவன் எவனுக்கு உரியவன் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. எமது மொழியில் முதலாமவனுக்குச் சிற்றப்பன், பெரியப்பன் எனத் தனிச் சொற்களே உண்டு. இரண்டாமவன் எமது தந்தையேயாதலால் அப்படி எவரும் பேசுவதில்லை. ஆதலால் இது வேடிக்கையான சோதனையாகத் தோன்றலாம். ஆயின் 'யானை ஈயைவிடப் பெரியது', 'ஈ யானையைவிடப் பெரியது' என்ற இரண்டில் எது சரி என்று கேட்டபோதும் அவர் அவ்வாறே திணறினார். யானை எத்துணைப் பெரியது என்பதை அவர் மறந்துவிடவில்லை. ஒரு பெயரோடு ஒட்டிநின்று இரண்டு பொருள்களை ஓர் உறவிற் பிணைக்கும் அந்தச் சின்னஞ்சிறு உருபே அவரிடமிருந்து பறிபோயிற்று. வேற்றுமையுருபுகளை மாணாக்கர் மனனஞ்செய்ய வைக்கும் ஆசிரியர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். இலக்கணம் என்பது மொழிக்கு அணிகலன் அன்று. பலவற்றை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி, ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் பார்க்கும் ஆற்றல் அதிலேயே தங்கியிருக்கிறது.

ஞாபகமும் அவ்வாறே சிதறியது. காயத்துக்குப் பின் அவருடைய ஞாபகங்கள் தலைகீழாகத் திரும்பிவந்தன என்பர். சிறுவயதும் பள்ளிப் பருவமும் முதலில் வந்தன. அண்மைக் காலம் வர மறுத்தது. அதிலும் அவை காட்சித் துண்டுகளாகவே வந்தன. ஒரு காட்சிக்கும் மற்றொரு காட்சிக்கும் இடையே முன், பின், அதனால், ஆயினும் என்ற இணைப்புகள் இல்லை. வரலாறு என்பது நிகழ்ச்சிகளின் குவியல் அன்று, அவற்றின் தொடர்பே என்று எமது வகுப்பறைகளிற் கூறுகிறோம். அத்தொடர்பை இழந்து குவியலை மட்டும் கையிற் பற்றியிருந்த ஒருவரின் நிலை யாது என்பதை ஸஸெட்ஸ்கியின் ஏடுகளிற் காணலாம்.

மூளையின் இறந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. பின் சிகிச்சை என்பது எதற்கு? லூரியாவின் விடையை விளங்கிக்கொள்வதற்கு, அவருடைய ஆசானும் தோழருமான லெவ் விகொட்ஸ்கியின் கருத்தை அறிதல் அவசியம். 1934ஆம் ஆண்டு முப்பத்தேழு வயதிற் காசநோயால் மறைந்த விகொட்ஸ்கி, மனிதனின் உயர்ந்த உளச் செயல்கள் யாவும் சமுதாயத்திற் பிறந்தவை என்று வாதித்தார். ஞாபகப்படுத்த நூலில் முடிச்சுப் போடுகிறோம், மரத்திற் கீறல் இடுகிறோம், எழுத்தைக் கண்டுபிடிக்கிறோம். மனிதன் மண்வெட்டியால் நிலத்தை மாற்றுவது போன்றே, குறிகளால் தன் மனத்தை மாற்றுகிறான். முதலில் மனிதர்க்கிடையே இருந்த செயல் பின்னர் மனிதனுக்குள்ளே குடிகொள்கிறது. இது உண்மையாயின், ஞாபகம் என்பது மண்டையோட்டுக்குள் மூடிவைத்த பெட்டியன்று. அது கருவிகளைக் கொண்டு நிகழ்த்தப்படும் ஒரு வேலை. ஒரு வழி அடைபட்டால், வேறு கருவிகொண்டு வேறு வழியமைத்து அவ்வேலையைச் செய்ய இயலும். கிஸெகாச்சில் லூரியாவும் அவருடைய சகாக்களும் இந்த நம்பிக்கையிலேயே வேலைசெய்தனர்.

ஸஸெட்ஸ்கி பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தையும் தமக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு இணைத்து மனத்தில் நிறுத்தினார். எழுத்தொன்று மறந்தபோது நெடுங்கணக்கை முதலிலிருந்து ஒப்புவித்து அதனைத் தேடிப் பிடித்தார். பல மாத முயற்சியின்பின் எழுத்துக்கூட்டி வாசிக்கலானார். ஒரே பார்வையில் மூன்று எழுத்துக்களுக்கு மேல் அவருக்குப் புலப்படவில்லை. சொல்லின் கடைசி எழுத்தை அடைவதற்குள் முதலெழுத்து மறந்தது. எழுதுவதோ இன்னும் கடினமாயிருந்தது. பென்சிலை எவ்வாறு பிடிப்பது என்பதே மறந்திருந்தது.

அப்போதுதான் அவருடைய வாழ்க்கையை மாற்றிய நிகழ்ச்சி நடந்தது. எழுத்தெழுத்தாக யோசித்து எழுதாமல், கையைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒரு சொல்லை ஒரே வீச்சில் எழுதுமாறு வைத்தியர் கூறினார். ஸஸெட்ஸ்கி பலமுறை மறுத்துப் பின் முயன்றார். கை தானாகவே எழுதியது. எழுதப்பட்ட சொல் 'க்ரோவ்'. ருஷ்ய மொழியில் இரத்தம் என்று பொருள். தாம் எழுதியதைத் தாமே வாசிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் சொல் அங்கே இருந்தது. பல்லாண்டுப் பழக்கத்தால் எழுதுதல் கையின் இயக்கமாகிப் பதிந்துவிட்டமையாலும், அவ்வியக்கத்தை நடத்தும் பகுதி காயப்படாமையாலும் இது சாத்தியமாயிற்று. வாசிப்பதற்கு வேண்டிய பகுதியோ அழிந்துவிட்டது. வாசிக்க மாட்டாத ஒருவர் எழுதலானார் என்பது முரணாகத் தோன்றினும் அதுவே நடந்தது.

அன்று முதல் எழுதுவதே அவருடைய வாழ்க்கையாயிற்று. துலாப் பிரதேசத்தில் ஒரு சிறு தொழிலாளர் குடியிருப்பிலிருந்த தாயிடமும் சகோதரிகளிடமும் திரும்பிச் சென்றார். அங்கே அவர் நிலை பரிதாபமானது. விறகு கொத்தினால் கோடரி நிலத்தில் விழுந்தது. தாய் எதையேனும் எடுத்துவரச் சொல்லி அனுப்பினால், எதற்காக வந்தோம் என்பது பாதி வழியிலேயே மறந்துபோயிற்று. பிறந்து வளர்ந்த சூழலில் வீட்டுக்கு வழி தெரியாது நின்றார். தந்தையற்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய், இருபத்துமூன்று வயதில் மறுபடியும் குழந்தையாகி வந்த மகனை இரண்டாம் முறையும் வளர்த்தார். மருத்துவ நூல்களில் இத்தாய்மாருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

எழுதும் முறையும் கேட்கத்தக்கதே. காலையில் மேசையில் அமர்வார். ஒரு கருத்து தோன்றும். அதற்குரிய சொல் வராது. வந்த சொல்லை உடனே ஒரு துண்டுத் தாளிற் குறித்துக்கொள்வார்; இல்லையேல் அடுத்த சொல்லைத் தேடும்போது அது போய்விடும். இப்படிச் சேர்த்த துண்டுகளை வைத்து ஒரு வாக்கியம் அமைப்பார். வாக்கியம் சரியோ என்று அறிய முன்னே எழுதியதை மீண்டும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். படித்து முடிப்பதற்குள் சொல்லவந்தது மறந்துவிடும். நாள் முழுவதும் உழைத்து அரைப்பக்கம் எழுதிய நாட்கள் பல. இதனை அவர் ஓரிரு மாதங்களன்று, இருபத்தைந்து ஆண்டுகள் செய்தார்.

இவ்வளவு உழைப்புக்கும் அவரிடம் எஞ்சியிருந்தது எது? லூரியா இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறார். சன்னம் மூளையின் பின்பகுதியை அழித்தது. நெற்றிப்புறப் பகுதி பழுதுறவில்லை. திட்டமிடுதல், நோக்கத்தைக் கைவிடாதிருத்தல், தன் பிழையைத் தானே உணர்ந்து வருந்துதல் ஆகியவற்றுக்குரிய பகுதி அதுவே. நெற்றிப்புறம் காயமுற்ற வேறு நோயாளிகளையும் லூரியா கண்டிருக்கிறார். அவர்கள் வாசிப்பர், பேசுவர், கணக்கும் செய்வர். எதிர்காலத்தைப் பற்றிய கவலையோ இறந்த காலத்தைப் பற்றிய துயரமோ அவர்களுக்கு இல்லை. ஸஸெட்ஸ்கிக்கோ அறிவுக் கருவிகள் உடைந்தன. அவற்றை இழந்தோம் என்ற வேதனை முழுமையாக நிலைத்தது. எது கொடிது என்று எம்மாற் சொல்ல முடியவில்லை.

மீண்டும் முதற் கேள்விக்கு வருவோம். ஸஸெட்ஸ்கியின் குறிப்புகள் வரலாற்றுச் சான்றாகுமா? ஐயுறுவோர் கூறக்கூடிய நியாயங்கள் வலுவற்றவையல்ல. காயமுற்ற மூளை தந்த ஞாபகம் அது. நிகழ்ந்து பல ஆண்டுகளின் பின் எழுதப்பட்டது. இடைவெளிகளை அவர் பிறர் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு நிரப்பியிருத்தல் கூடும். மேலும், 1971ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் நாம் வாசிப்பது அந்த மூவாயிரம் பக்கங்களையும் அல்ல. லூரியா பொறுக்கியெடுத்து, ஒழுங்குபடுத்தி, இடையிடையே விளக்கங் கூறி அமைத்த பகுதிகளையே வாசிக்கிறோம். முன், பின் என்ற ஒழுங்கு வைத்தியர் கொடுத்தது. இந்த உண்மையை மறந்து அந்நூலைப் படைவீரனின் தூய குரல் என்று கொண்டாடுதல் தகாது.

ஆயின் இந்த நியாயங்களை முன்வைப்போர் தளபதிகளின் நினைவுக் குறிப்புகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்துகின்றனரா? எந்தத் தளபதியின் நூலும் உதவியாளராலும் பதிப்பாளராலும் சில வேளை அரசாங்கத் தணிக்கையாளராலும் ஒழுங்குசெய்யப்பட்டதே. அங்கேயும் இடைவெளிகள் பிறர் சொல்லால் நிரப்பப்படுகின்றன. வித்தியாசம் ஒன்றே. தளபதி தன் ஐயத்தை மறைக்கிறார். ஸஸெட்ஸ்கி அதனை எழுதுகிறார். இது எனக்கு நினைவிருக்கிறதா, அல்லது நினைவிருப்பதாக எண்ணுகிறேனா என்று தம்மைத் தாமே கேட்பது அவருக்கு வழக்கமாயிருந்தது. நலமான மூளையுடையோரின் ஞாபகமும் ஒவ்வொரு முறை மீட்கப்படும்போதும் சிறிது மாறுகிறது என்பதை உளவியல் ஆய்வுகள் பின்னர் நன்கு நிறுவியுள்ளன. எமக்கு அம்மாற்றம் புலப்படுவதில்லை. இணைப்புகள் அறுந்துபோன அவருக்குப் புலப்பட்டது. வோர்யா ஆற்றில் மார்ச் 2ஆம் நாள் நடந்த தாக்குதலின் படைபலத்தை அவரிடம் கேட்டுப் பயனில்லை. அந்த யுத்தம் ஒரு மாணாக்கனிடமிருந்து எதை எடுத்துச்சென்றது என்பதைக் கூறும் சான்றில் அதற்கு இணையானது வேறொன்றை நாம் அறியோம். நெடும் யுத்தத்தைக் கண்ட எமது நாட்டிலும், தலையில் உலோகச் சிதறல்களைச் சுமந்தபடி, கேட்பாரின்றித் தம் ஞாபகங்களோடு மல்லாடுவோர் உண்டு. அவர்கள் சொல்வது கோவையாக இல்லை என்று தள்ளிவிடும் ஆய்வாளர்களை நாம் கண்டதுண்டு.

சோவியத் அரசும் இவ்விடயத்திற் குறையற்றதன்று. முற்போக்காளர் என்று கூறிக்கொள்ளும் நாம் இதனை மறைக்கலாகாது. வெற்றி நாளான மே 9ஆம் நாள், 1947ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறை நாட்களிலிருந்து நீக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டிலேயே மீண்டும் விடுமுறையாயிற்று. அங்கவீனராய்த் திரும்பியோர் சிலைகளுக்குரிய வீரர்களாய் இல்லை. அறிவுலகின் நிலையும் அவ்வாறே. குழந்தையியல் என்ற துறையைக் கண்டித்து 1936ஆம் ஆண்டு வெளிவந்த தீர்மானத்தின் பின்னர் விகொட்ஸ்கியின் நூல்கள் முடக்கப்பட்டன; 1956ஆம் ஆண்டிலேயே மீண்டும் அச்சேறத் தொடங்கின. 1950ஆம் ஆண்டு, பவ்லோவின் கொள்கையைக் காப்பதாகக் கூறி விஞ்ஞானக் கழகங்கள் நடத்திய கூட்டத்தின்பின் லூரியாவும் தமது நரம்புச் சத்திரசிகிச்சை நிலையப் பணியை இழந்து, குறைபாடுடைய பிள்ளைகளை ஆராயும் நிலையமொன்றில் வேலைசெய்ய நேர்ந்தது. பவ்லோவின் பெயரால் நடந்தது விஞ்ஞான விவாதமன்று. கருத்துக்கு விலங்கிடும் முயற்சியே. சமுதாயமே மனத்தை ஆக்குகிறது என்ற கொள்கை அந்தச் சமுதாயத்திலேயே இருபதாண்டுகள் வாய்மூடியிருந்தது. அவ்வாண்டுகளிலெல்லாம் துலாப் பிரதேசத்தின் சிறு வீட்டில் ஸஸெட்ஸ்கி எழுதிக்கொண்டிருந்தார். எவரும் அவரைத் தடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை, லூரியாவைத் தவிர. இருவருக்குமிடையே தொடர்பு பல ஆண்டுகள் நீடித்தது.

மூளைக்காயம் பற்றி லூரியா தடித்த ஆராய்ச்சி நூல்கள் பல எழுதியிருக்கிறார். யுத்தகால அனுபவத்திலிருந்து பிறந்தவை 1947, 1948ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றில் நோயாளிகள் எண்ணிக்கைகளாகவும் அட்டவணைகளாகவும் வருகின்றனர். அது விஞ்ஞானத்திற்கு அவசியமே. ஆயினும் முதுமையில் அவர் வேறொரு வகை நூலின் தேவையை உணர்ந்தார். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் விட்டுவிடாமல், அதேவேளை விஞ்ஞான விளக்கத்தையும் கைவிடாமல் எழுதும் முறை அது. அபார ஞாபகசக்தி படைத்த ஒருவரைப் பற்றி 1968ஆம் ஆண்டில் எழுதினார். எதையும் மறக்க முடியாமல் வாழ்க்கை சிதறிய மனிதர் அவர். மூன்று ஆண்டுகளின் பின் ஸஸெட்ஸ்கியைப் பற்றிய நூல் வந்தது. இரண்டையும் ஒருங்கே படிப்பவர்களுக்கு, ஞாபகத்தின் அளவைக் காட்டிலும் அதனை ஒழுங்குபடுத்தும் ஆற்றலே முதன்மையானது என்பது விளங்கும்.

அந்நூலின் ருஷ்யப் பெயர், இழக்கப்பட்டு மீண்டும் பெறப்பட்ட உலகம் என்ற பொருளில் அமைந்தது. 1972ஆம் ஆண்டு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில், சிதறுண்ட உலகத்தையுடைய மனிதன் என்று பெயர் மாறியது. மீட்சி தலைப்பிலிருந்து விழுந்து, சிதறல் மட்டும் நின்றது. இரண்டும் முழுவதும் சரியல்ல. உலகம் அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை, அவர் பொறியியலாளராகவில்லை, ஒரு பத்திரிகைப் பக்கத்தைத் தடையின்றிப் படிக்கவும் அவரால் ஒருபோதும் இயலவில்லை. ஸஸெட்ஸ்கி தம் ஏடுகளுக்கு முதலிற் கொடுத்த பெயர், பயங்கரமான மூளைக்காயத்தின் கதை என்ற கருத்துடையது. பின்னர் அவரே அதனை நீக்கிவிட்டு, தாம் இன்னும் போராடிக்கொண்டிருப்பதாகப் பொருள்படும் பெயரொன்றை இட்டார். உறைந்த ஆற்றை ஓடிக்கடந்த அந்தப் பகுதியை, முன்னையதைக் காட்டிலும் தெளிவாக வந்துவிடும் என்ற எண்ணத்தில், அவர் திரும்பத் திரும்ப எழுதினார்.